முகுல் தேடிய தங்கக் கோட்டை

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம். நியூஜெர்சிக்கு நாங்கள் வந்த முதல் குளிர்காலம், வெளியே முழங்கால் அளவு பனி. பிள்ளைகளுக்குப் பொழுது போகலைன்னு சொன்னதும் அந்த வீட்டு அம்மா ஒரு டிவிடியைக் கையில் கொடுத்தார். சத்யஜித் ராய் எடுத்த ‘சோனார் கெல்லா’. தங்கக் கோட்டைன்னு அர்த்தம். "துப்பறியும் படம்தான், பயமில்லாம பாருங்க" என்றார். ராய் படம்னா ரொம்ப மெதுவாப் போகும்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். முடிஞ்சதும் சின்னவன் மறுபடி போடச் சொன்னான்.

கதை இதுதான். கல்கத்தாவில் முகுல் என்று ஒரு சின்னப் பையன். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து ஒரு கோட்டையை வரைகிறான். போன பிறவியில் அங்கே இருந்ததாகச் சொல்கிறான். மனநிலை ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டர் அவனை ராஜஸ்தானுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே புதையல் இருக்கும்னு நம்பி இரண்டு திருடர்கள் பின்னாடியே போகிறார்கள். அவர்களைத் துரத்துகிற துப்பறிவாளர்தான் ஃபெலுதா.

ஃபெலுதாவை ராய் 1965-ல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் உருவாக்கினார். அவருடைய தாத்தா ஆரம்பித்த பத்திரிகை அது. கதையும் ராய், படமும் ராய், இசையும் ராய். 1974-ல் வந்த இந்தப் படத்துக்குப் பணம் போட்டது மேற்கு வங்க அரசு! ஃபெலுதாவாக நடித்தவர் சௌமித்ர சட்டர்ஜி. ராயோடு மட்டும் 14 படங்கள் செய்தவர்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தவர் ஜடாயுதான். நம்ம ராமாயண ஜடாயுவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு மர்மக் கதை எழுதித் தள்ளும் லால்மோகன் பாபு. கதையில் தகவல் பிழை நிறைய இருக்கும். ஒட்டகத்தைப் பற்றி அவர் எழுதியதையே ஃபெலுதா திருத்துவார். அந்த வேஷத்தில் நடித்த சந்தோஷ் தத்தா நிஜ வாழ்க்கையில் வக்கீல். படம் வந்த பிறகு, கதைகளுக்கு ராய் வரைந்த ஓவியங்களில் ஜடாயுவின் முகமே சந்தோஷ் தத்தாவின் முகமாக மாறிப்போச்சு. எழுத்தாளர் நடிகரைத் தேடியதுபோய், பாத்திரமே நடிகரைப் போல ஆகிவிட்டது.

போன டிசம்பர் லீவில் ஊருக்குப் போகும்போது, கும்பகோணத்துக்கு அப்புறம் ஜெய்சல்மேர்னு முடிவு பண்ணினோம். கும்பகோணத்தில் நடந்ததையும் இங்கே சொல்லணும். அதைச் சொல்லாமல் ஜெய்சல்மேரைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் தாத்தா வீடு. திண்ணை, முற்றம், ஊஞ்சல், கொல்லையில் கிணறு. நான் தினமும் ராத்திரி சின்னவனுக்கு அந்த வீட்டுக் கதை சொல்லித்தான் தூங்க வைப்பேன். ஸ்கூலில் ‘என் குடும்ப வீடு’ன்னு வரையச் சொன்னதுக்கு, பார்க்காத அந்த வீட்டைத்தான் வரைந்து கொடுத்தான். நேரில் போனபோது பின்கட்டு இடிஞ்சு கிடந்தது. முற்றம் முழுக்க எருக்கஞ்செடி. சித்தப்பா, "வர்ற தையில கிரயம் முடிச்சிடலாம்மா" என்றார். சின்னவன் அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தான். அப்புறம் என் கையைப் பிடிச்சு, "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்போ போறோம்?"னு கேட்டான்.

"இதுதான்டா நம்ம வீடு!" என்று எல்லார் முன்னாடியும் கத்திவிட்டேன். அன்னிக்கு முழுக்க அவன் என்னோடு பேசலை.

அந்த மனசோடுதான் ஜோத்பூரில் இறங்கி, கார் பிடிச்சு ஜெய்சல்மேருக்குக் கிளம்பினோம். போக்ரானிலிருந்து கொஞ்சம் வடக்கே சுற்றினால் ராம்தேவ்ரா. படத்தில் திருடன் சாலையில் சதி செய்து ஃபெலுதாவின் காரை நிறுத்திவிடுவான். ஃபெலுதாவும் தம்பி தொப்ஷேயும் ஜடாயுவும் ஒட்டகத்தில் ஏறி ரயிலை மறிக்கப் போவார்கள். நீராவி எஞ்சின் கரும்புகையோடு வரும், இவர்கள் கையாட்டுவார்கள், ரயில் நிற்காமல் போய்விடும். வேற வழியில்லாமல் ராம்தேவ்ரா ஸ்டேஷனில் ராத்திரி ரயிலுக்குக் காத்திருப்பார்கள். நாங்கள் போனபோது பிளாட்பாரத்தில் கோயிலுக்கு வந்த பக்தர்கள் கூட்டம். பெரியவள் மட்டும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஜடாயு மாதிரி நடுங்கிக் காட்டினாள். சின்னவன் லேசாச் சிரிச்சான். மூணு நாளைக்கு அப்புறம் முதல் சிரிப்பு.

சாயங்காலம் ஜெய்சல்மேர் தெரிந்தது. சமவெளியில் திடீரென்று ஒரு குன்று, அதன் மேல் மஞ்சள் மணற்கல்லில் 99 கொத்தளங்களோடு கோட்டை. வெயில் சாயச் சாய அந்தக் கல் தேன் நிறத்துக்கு வருகிறது. 1156-ல் ராவல் ஜெய்சல் கட்ட ஆரம்பித்தது. ராய்க்கு இந்த ஊர் புதுசில்லை. 1969-ல் வந்த ‘கூப்பி காய்னே பாகா பாய்னே’ படத்துக்கும் இங்கே வந்திருக்கிறார். அந்தப் படத்தில் இரண்டு ராஜாக்களாகவும் நடித்தவர் இதே சந்தோஷ் தத்தா.

மறுநாள் காலை கோட்டைக்குள் நுழைந்ததும் ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்து வங்காளத்தில் கூப்பிட்டார். "நாங்க தமிழ்"னு சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். குடும்பத்தோடு வந்து முகுலைப் பற்றிக் கேட்டால் வங்காளிகளாகத்தான் இருப்பாங்கன்னு அவர் கணக்கு. படம் வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம். முகுல் பேரிலேயே இங்கே கடை இருக்கிறது. ஒரு சினிமா ஒரு ஊருக்குச் சோறு போடும்னு கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால் பார்த்தது இங்கேதான்.

குறுகலான சந்துகள். குறுக்கே மாடு, வாசலில் துணி காயுது, ஒரு பாட்டி கீரை ஆய்கிறாள். இது காலி கோட்டை இல்லை. ஆயிரக்கணக்கான பேர் இன்னமும் உள்ளே குடியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் கூரை போய், சுவர் மட்டும் நிற்கிற வீடுகள். வழிகாட்டி ஒன்றைக் காட்டி, "முகுல் வீடு" என்றார்.

படத்தின் கடைசிக் காட்சிகள் அங்கேதான். முகுலாக நடித்த குஷல் சக்ரவர்த்திக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த இடிபாட்டில் நின்று அவன் முகத்தைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். புதையல் எதுவும் கிடையாது. தேடித் தேடி வந்த வீடு வெறும் கல். பையன் உடைந்து அழுவான்.

நாங்கள் அந்தச் சுவரோரம் நின்றோம். யாரும் பேசலை. சின்னவன்தான் மெதுவாக, "அம்மா, முகுலும் கடைசியில கல்கத்தாவுக்குத்தானே போகணும்னு சொன்னான்? அவனை யாரும் திட்டலையே"ன்னான்.

எனக்குப் பதில் வரலை. அவன் சொன்னது சரிதான். படத்தை நாலு தடவை பார்த்திருக்கேன், அந்த இடம் எனக்கு உறைக்கவே இல்லை. முகுலுக்குக் கோட்டை பொய்யில்லை. அவன் அதைப் பார்க்கத்தான் வேணும். பார்த்த பிறகு, அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்குத் திரும்பணும், அவ்வளவுதான். என் ஞாபகத்தை நான் கதையாகச் சொல்லி அவனுக்குக் கொடுத்தேன். அவனும் ஆசையாக வாங்கி வரைந்தான். அது இடிஞ்சு கிடக்கிறதைப் பார்த்து பயந்தவனிடம்தான் கத்தியிருக்கேன். "தப்பு என்னுதுடா"ன்னு அங்கேயே சொன்னேன். "பரவால்ல, இப்போ ஒட்டகத்துல ஏறலாமா?"ன்னான்.

ஏறினோம். ஜடாயு பட்ட பாட்டை என் வீட்டுக்காரர் பட்டார்.

ஃபெலுதா பிரியர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி. ஊர் ஊராகச் சுற்றியவன்னு பொய் சொல்லும் வில்லன் மந்தார் போஸாக நடித்தவர் காமு முகர்ஜி. ராயின் அடுத்த ஃபெலுதா படம் 1979-ல் வந்த ‘ஜய் பாபா ஃபெலுநாத்’, காசியில் நடக்கிற கதை. அதில் ஜடாயுவை நிற்க வைத்துச் சுற்றிலும் கத்தி வீசுகிற ஆளும் இதே காமு முகர்ஜிதான். 80-களில் தூர்தர்ஷனுக்காக ராயின் மகன் சந்தீப் ராய் இந்தியில் எடுத்தபோது ஃபெலுதா யார் தெரியுமா? சசி கபூர்!

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டைக்குள்ளேயே தங்குகிற விடுதிகள் இருக்கின்றன, நாங்களும் ஆசைப்பட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் கீழே கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து சிக்கனமாகக் குடித்தனம் நடத்திய இடம் அது. குழாய்த் தண்ணீரும் குளியலறைகளும் வந்த பிறகு கழிவுநீர் அடித்தளத்தில் இறங்கி, மண் இளகி, சில கொத்தளங்கள் சரிந்திருக்கின்றன. 1996-லேயே உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது, ஆபத்து தீர்ந்துவிடவில்லை. அதனால் கீழே ஊரில் தங்குங்கள், காலையில் மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி நல்ல காலம். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் அவசியம். போகும் முன்னாடி பிள்ளைகளோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிடுங்கள்.

தாத்தா வீட்டுக் கிரயம் தையில் முடிஞ்சுது. சித்தப்பாவிடம் கேட்டு ஊஞ்சல் சங்கிலியின் ஒரு துண்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். இப்போது அது நியூஜெர்சியில் சின்னவன் மேஜையில், ஜெய்சல்மேரில் வாங்கிய மஞ்சள் கல் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரிக் கதை இன்னமும் உண்டு. அந்த வீடு இடிஞ்சதையும் இப்போ சேர்த்தே சொல்றேன்.