நாலு பேர், நாலு பாண்டிச்சேரி

‘பாண்டிச்சேரி போறோம்’ என்று சொன்னால் போதும், ஹாஸ்டலில் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். ‘என்ன மச்சி, நடத்துங்க!’ என்று முதுகில் தட்டுவார்கள். நண்பர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைக்கிற அந்த விஷயம் இந்தக் கட்டுரையில் கிடையாது. ஏமாற்றமாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், நிச்சயம் ஏதாவது காதல் கவிதை இருக்கும்.

போன பிப்ரவரியில், ஆறாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைக்கு மேல் ஏறுவதற்கு முன்னால், ஒரு சனி ஞாயிறு போய் வந்தோம். நாலு பேர். பெயர் போட்டால் உதைப்பார்கள் என்பதால் டிபார்ட்மெண்டை வைத்தே சொல்கிறேன். மெக்கானிக்கல், கம்ப்யூட்டர், எலக்ட்ரிகல், அப்புறம் சிவிலாகிய நான். ஆளுக்கு 1,500 ரூபாய். மொத்தம் 6,000 ரூபாய் என் சட்டைப் பையில். ஆகவே தலைவன் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தர்மபுரியில் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினோம். திருவண்ணாமலையில் ஒரு பஸ், திண்டிவனத்தில் ஒரு பஸ். 2006-லேயே ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கண்டக்டர் ‘பாண்டி, பாண்டி’ என்றுதான் கூவினார்.

நான் சும்மா போகவில்லை. கிளாஸ் டைம் டேபிள் மாதிரியே ஒன்று போட்டு எடுத்துப் போயிருந்தேன். 7 மணி கடற்கரைச் சாலை. 8 மணி 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். 9 மணி காந்தி சிலை. பிறகு பிரெஞ்சுத் தெருக்கள், சாப்பாடு, மதியம் அரிக்கமேடு. எங்கே எத்தனை நிமிடம் என்றுகூட எழுதி வைத்திருந்தேன். நம் ஹெச்.ஓ.டி. பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மெக்கானிக்கல் கேட்டது ஒன்றுதான். ‘கடல்ல குளிக்கணும்டா.’ கம்ப்யூட்டருக்கு அந்த மஞ்சள் சுவர், ரோஸ் நிறக் காகிதப்பூ முன்னால் நின்று போட்டோ எடுக்கணும். எலக்ட்ரிகல் எப்போதும் போல, ‘உங்க இஷ்டம்டா.’

கடற்கரைச் சாலைக்குப் போனதும் மெக்கானிக்கல் அதிர்ந்துவிட்டான். ‘என்னடா இது, கல்லு குவாரி மாதிரி இருக்கு? மணல் எங்க?’ சாலை ஓரம் நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடந்தது. விடுவேனா நான்? லெக்சர் ஆரம்பித்துவிட்டேன்.

இந்தக் கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து அடிப்பதால் கரையை ஒட்டியே நகர்ந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே போகும். மற்ற மாதங்களில் வடக்கே போகும். வருஷக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கேதான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த ஊருக்கு மணல் வரவில்லை. இருந்த மணலையும் கடல் கொண்டுபோய்விட்டது. ஊரைக் காப்பாற்றத்தான் இந்தக் கல். பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார், 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புத் திட்டை இறக்கினார்கள். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் மறுபடியும் மணல் சேர்ந்தது.

சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், கேட்டுக்கொண்டிருந்தது எலக்ட்ரிகல் ஒருத்தன்தான். கம்ப்யூட்டர் எதிர்ச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்கல் பேண்ட்டை மடித்துவிட்டுப் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தான். ‘டேய், டைம் ஆச்சு, வா!’ என்று இழுத்து வந்தேன்.

இப்படியே மதியம் வரைக்கும் ஓடியது. வெயிலில் நடை. கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு நின்றால் ‘கிளம்பு’, மெக்கானிக்கல் இளநீர்க் கடையில் உட்கார்ந்தால் ‘எழுந்திரு’. சாப்பிட்டு முடித்ததும் அரிக்கமேட்டுக்குப் பஸ் எங்கே என்று விசாரித்தேன். மெக்கானிக்கல் நின்றுவிட்டான்.

‘சுண்ணாம்பாறு போனா போட்ல ஏறி மணல் இருக்கிற பீச்சுக்கே போகலாமாம். அங்க போவோம்டா.’

‘அது நாளைக்கு. இன்னிக்கு அரிக்கமேடு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோம்காரனோட வியாபாரம் பண்ண ஊருடா!’

‘ரோம்காரன் பண்ணா எனக்கென்னடா? நான் சின்ன வயசுல இருந்து கடலே பார்த்ததில்ல.’

‘எல்லாரும் சேர்ந்துதான வந்தோம்? சேர்ந்துதான் போகணும்.’

‘சேர்ந்து வந்தோம்டா. உனக்கு வேலைக்கு வரல.’

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். ‘போகட்டும், பசிச்சா வருவான்’ என்றேன். வீம்புதான், வேறென்ன. அன்றைக்கு யாரும் அரிக்கமேடு போகவில்லை. ரூமில் ஆளுக்கொரு மூலையில் படுத்துக் கிடந்தோம்.

ஆறு மணி ஆயிற்று. வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஜனங்கள் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தேடினோம். ஏழு மணி. இருட்டில் பாறைகளுக்குக் கீழே தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. காலையில் அவன் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கியது ஞாபகம் வந்தது. நீச்சல் கிணற்றில் கற்றவன் அவன். கிணறு வேறு, கடல் வேறு. அவன் அம்மாவுக்கு நான் போன் பண்ணினால் என்ன சொல்வது? கம்ப்யூட்டர் அழுதுவிடுவான் போலிருந்தான். எனக்குக் கை நடுங்கியது. போலீஸிடம் போகலாம் என்றேன்.

அப்போதுதான் எலக்ட்ரிகல் வாயைத் திறந்தான். ‘அதுக்கு முன்னாடி வடக்க ஒரு தடவ பார்த்துடலாம். படகு நிக்கிற இடம் எங்கன்னு காலையில இருந்து கேட்டுட்டே இருந்தான்.’

‘எப்ப கேட்டான்?’

‘நீ பேசிட்டு இருந்தப்போ.’

குருசுக்குப்பம் தாண்டி, வைத்திக்குப்பம் பக்கம் வரை போனோம். ஒரு ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர். நடுவில், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கையெல்லாம் கிரீஸாக நம் ஆள்! ஸ்டார்ட் ஆகாத டீசல் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், ‘டேய், இன்ஜெக்டர்தான்டா பிரச்னை, நான் சொன்னேன், கரெக்டா இருந்துச்சு!’ என்றான். போன் சார்ஜ் தீர்ந்ததே அவனுக்குத் தெரியாது.

‘குளிச்சியாடா?’

‘எங்க குளிக்க? இறங்கப் போனேன். இந்த அண்ணன்தான், கல்லுக்கு நடுவுல மாட்டினா இழுத்துடும், வேணாம் தம்பின்னு பிடிச்சு நிறுத்தினார்.’

அந்த அண்ணன் என்னைப் பார்த்து, ‘நீங்கதான் கூட வந்தவங்களா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

திரும்பி வந்து காந்தி சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கம்ப்யூட்டர்தான் ஆரம்பித்தான். ‘காலையில என்னமோ துறைமுகச் சுவர்னு சொன்னியே, மணல ஓட விடாம பிடிச்சு வெச்சதால ஊருக்கே பீச் போச்சுன்னு. அது நீதான்டா.’ எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

எலக்ட்ரிகலிடம் கேட்டேன். ‘நீ என்னடா பார்க்கணும்னு வந்த?’

‘எதுவும் பார்க்க வரல.’

‘அப்புறம்?’

‘அஞ்சு நாள் காலேஜ். சனி ஞாயிறு கல்யாணப் பந்தியில பரிமாறப் போயிடறேன். இங்க இலை போடு, அங்க சாம்பார் ஊத்துன்னு யாராவது விரட்டிட்டே இருப்பாங்க. ரெண்டு நாள் யாரும் என்னை எங்கயும் போன்னு சொல்லாம இருக்கணும்னு வந்தேன்.’

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். முகூர்த்த நாட்களில் அவனுக்கு நாளுக்கு 600 ரூபாய். இரண்டு நாள் சம்பளத்தை விட்டு, மேலே 1,500 கொடுத்து வந்தவனை, காலையிலிருந்து ‘கிளம்பு, எழுந்திரு’ என்று விரட்டியிருக்கிறேன். மூன்று வருஷமாக ஒரே ரூமில் இருக்கிறோம். அவனிடம் ‘உனக்கு என்ன வேணும்’ என்று நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

டைம் டேபிளை சுண்டல் பேப்பரோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு விதி. மதியம் 2 மணிக்கு எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். போனை சார்ஜ் போட்டு எடுத்துப் போக வேண்டும். அவ்வளவுதான். மெக்கானிக்கல் சுண்ணாம்பாறு போய் ஆசை தீர மணலில் புரண்டு, அங்கிருந்தவர்கள் சொன்ன இடத்தில் மட்டும் முழங்கால் தண்ணீரில் நனைந்து வந்தான். கம்ப்யூட்டர் தெருத்தெருவாக நடந்துவிட்டு, காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசி இரண்டு டீ ஷர்ட் வாங்கினான். எலக்ட்ரிகல் விடியற்காலையில் மணலில் போய் உட்கார்ந்தவன், வெயில் ஏறியதும் ரூமுக்கு வந்து தூங்கினான். ‘சூரியன் வந்துச்சா?’ என்றேன். ‘வந்துச்சு’ என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் அரிக்கமேடு போனேன். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்து, ரோமானிய மண்பாண்டத் துண்டுகளை வைத்துக் காலத்தைச் சொன்ன இடம். இப்போது மரங்கள், ஒரு பழைய செங்கல் சுவர், கீழே ஆறு. வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அதுவே போதும். ஆனால் ஒன்று, அங்கே நின்றபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் சொன்னேன். ஆச்சரியம், மூன்று பேருமே கேட்டார்கள்!

கணக்குப் பார்த்ததில் பையில் 240 ரூபாய் மிச்சம். திண்டிவனத்தில் நாலு பரோட்டா செட் வாங்கினோம். எலக்ட்ரிகலை உட்கார வைத்து நாங்கள் பரிமாறினோம். ‘ஊத்துங்கடா, இங்க குருமா’ என்று அதட்டினான். நன்றாகவே அதட்டினான்.

ஜூனியர் நண்பர்களே, டூர் போங்கள். பணத்தை ஒருத்தனிடம் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தனிடமும் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். முக்கியமாக, ‘உங்க இஷ்டம்டா’ என்று சொல்கிறவனை இரண்டு தடவை கேளுங்கள்.