வரப்போரம் தெரிய ஒரு விளக்கு

கோட்டக்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பட்டறை ஒன்றில், மரக்காணம் உப்பளத்துக்கு லோடுக்குப் போகும் லாரி பம்பர் கழற்றி நின்றது. “பாய், கேபின் மேல நீளமா எல்.இ.டி. பார் ஒண்ணு போட்டுடுங்க. பகல் மாதிரி இருக்கணும்” என்றார் ஓட்டுநர்.

எலக்ட்ரீஷியன் பாய் பதில் சொல்லாமல் கழற்றிப்போட்ட பழைய விளக்கு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். “உள்ள பாருங்க தம்பி.” கண்ணாடிக்குள் நீர் கோத்திருந்தது. வயரின் முனையில் செம்பு பச்சை பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது.

விளக்கு வாங்க வருகிறவர்கள் எத்தனை வாட் என்றுதான் கேட்கிறார்கள். பாய் முதலில் பார்ப்பது மூடியின் ரப்பரை. ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் தூசி புகாது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அலுமினிய விளக்கில் எவர்சில்வர் போல்ட்டை நேராக முடுக்கினால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷர் வைக்கிறார். எர்த் வயரைத் துருப்பிடித்த சேஸிஸில் கட்டாமல் பேட்டரிக்கே கொண்டுபோகிறார். 100 வாட் விளக்கு இரண்டு என்றால் 24 வோல்ட் லாரியில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 12 வோல்ட் பிக்கப்பில் கிட்டத்தட்ட 17. அதை நேராக ஸ்விட்ச் வழியே விட்டால் ஸ்விட்ச் உருகிவிடக்கூடும். அதனால் ரிலே; பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இந்த வேலைக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

கேபின் மேல் பாய் பார் போடாததன் காரணம் மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அதே லாரியில் போனபோது விளங்கியது. உப்பளத்து மண்பாதை லாரி அகலம்தான், இருபுறமும் வாய்க்கால். கடலிலிருந்து மெல்லிய பனி ஏறியிருந்தது. உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் கண்ணெதிரே உள்ள பனியில் பட்டு வெள்ளைத் திரையாகிவிடும். உப்பு அம்பாரத்தில் பட்டாலும் திரும்பி ஓட்டுநர் கண்ணிலேயே விழும். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளிக்கு நிறம் பெரிய பொருட்டில்லை. விளக்கு தாழ்வாக இருப்பதும், வெளிச்சம் மேலே சிதறாமல் இருப்பதும்தான் உதவுகின்றன. பம்பருக்குக் கீழே, சற்று வெளிப்பக்கம் திருப்பி, அகலமாகப் பரவும் விளக்கு இரண்டை பாய் வைத்திருந்தார். தூரம் ஹெட்லைட்டில் தெரிந்தது. வண்டி இறங்கிவிடக்கூடிய மண் விளிம்பு இந்த இரண்டிலும் தெரிந்தது. ஓட்டுநருக்குத் தேவை அதுதான்.

வெயில் ஏறும் முன் வேலை முடிக்க, டார்ச்சோடு பெண்கள் பாத்திக்கு வந்துகொண்டிருந்தார்கள். “ஆளு வருது” என்று ஓட்டுநர் அந்த விளக்குகளை அணைத்தார். வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நின்ற அம்மா ஒருவர் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடந்து போனார்.

எதிரே வருபவரின் கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. கூடுதல் விளக்குப் போட்டிருக்கும் ஓட்டுநர்களே, உப்பளத்திலிருந்து தார்ச்சாலை ஏறும்போது அந்த ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். எதிரே டூவீலரில் பிள்ளையை உட்காரவைத்து யாரோ வந்துகொண்டிருப்பார்கள்.