ஐந்திடம் ஐம்பது கற்கட்டும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. பிள்ளைகளைச் சிறுவயதிலேயே திருத்த வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் இதனைக் கூறுவர். ஆனால் ஐந்து வயதினரிடமிருந்து ஐம்பது வயதினர் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிழைக்கு வெட்கப்படாமல் மீண்டும் முயலுதலே அது.

நான் மாலை வகுப்பு நடத்தும் மண்டபத்தில் காலையில் முன்பள்ளி நடைபெறுகின்றது. சில நாட்களில் நேரத்துடனே சென்று பிள்ளைகளின் விளையாட்டைப் பார்ப்பேன். சிறுவன் ஒருவன் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். கோபுரம் சரிந்துவிடும். கைகொட்டிச் சிரிப்பான். அடுத்த முறை பெரிய கட்டையை அடியில் வைப்பான். அவனுக்கு அதனைக் கற்பித்தவர் எவருமில்லை. விழுந்த கோபுரமே கற்பித்தது.

இந்த உண்மையை உணர்ந்தவர் ஜேர்மனியக் கல்வியாளர் பிரெடரிக் புரோபல். 1837 இல் சிறு பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய நிலையத்திற்கு 1840 இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது ‘சிறுவர் தோட்டம்’ எனப் பெயரிட்டார். அங்கே பிள்ளைகளின் கைகளில் அவர் கொடுத்தவை பந்து, சதுரமுகி, உருளை, சிறு மரக்கட்டைகள் முதலியன. விளையாட்டு வீண்பொழுது அன்று, அதுவே குழந்தையின் கல்வி என்பது அவரது கொள்கை.

அமெரிக்க வடிவமைப்பாளர் பீற்றர் ஸ்கில்மன் உருவாக்கிய போட்டி ஒன்றும் இதனையே காட்டுகின்றது. நால்வர் கொண்ட குழுவுக்கு 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், சிறிதளவு ஒட்டுநாடா, நூல், மென்மையான இனிப்பு ஒன்று ஆகியன வழங்கப்படும். 18 நிமிடங்களில் கோபுரம் கட்டி, உச்சியில் இனிப்பை வைக்க வேண்டும். இப்போட்டியைப் பல இடங்களில் நடத்திய ரொம் வூஜெக், வணிகக் கல்வி பட்டதாரிகளைவிட முன்பள்ளிப் பிள்ளைகளே சராசரியாக உயரமான கோபுரங்களைக் கட்டுவதாக 2010 இல் ஆற்றிய உரையில் கூறினார். பெரியவர்கள் திட்டமிடுவதில் நேரத்தைச் செலவிட்டுக் கடைசி நிமிடத்தில் இனிப்பை வைப்பார்கள், கோபுரம் சரிந்துவிடும். பிள்ளைகளோ தொடக்கத்திலேயே இனிப்பை வைத்துப் பார்த்து, விழ விழத் திருத்திக் கட்டுவார்கள்.

என் வகுப்பில் கட்டுரைத் தலைப்பு ஒன்றைக் கொடுத்ததும் எழும் முதற் கேள்வி, “ரீச்சர், பிழைச்சுப் போச்செண்டால்?” என்பதே. கெட்டிக்கார மாணவி ஒருத்தி மாதிரிப் பரீட்சையில் கட்டுரைக்குரிய தாளை வெறுமையாகவே தந்தாள். காரணம் கேட்டேன். “முதல் வசனம் வடிவாக வரேல்லை ரீச்சர்” என்றாள். அவளிடம் கருத்துகள் நிறைய இருந்தன. ஆனால் வெறுந்தாளுக்கு எந்தப் பரீட்சகராலும் புள்ளி வழங்க முடியாது.

இந்தப் பயம் அவளுடன் பிறந்ததன்று. பெறுபேறு வந்த அன்று அயலவர் கேட்கும் கேள்வியும், பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடும் பேச்சும் சிறிது சிறிதாக ஊட்டியது. கோபுரம் எத்தனை முறை விழுந்தது என்று முன்பள்ளியில் எவரும் கணக்கெடுப்பதில்லை. வளர்ந்த பின்பும் இப்பயம் நம்மை விடுவதில்லை. ஓரளவு சிங்களம் தெரிந்தும், பிழையாகப் பேசிவிடுவோமோ என்று அலுவலகங்களில் மௌனமாக நிற்பவர் எத்தனை பேர்! பேசினால்தானே மொழி பழகும்?

மாணவர்களே, பரீட்சை மண்டபத்தில் பிழைகளைக் குறைக்க வேண்டுமாயின், பயிற்சிக் கொப்பியில் அவற்றை விட்டுப் பார்க்க வேண்டும். இன்றே ஒரு தலைப்பை எடுத்து, நேரம் குறித்து எழுதுங்கள். முதல் வசனம் அழகாக வராவிட்டாலும் நிறுத்தாதீர்கள். முடித்த பின் வாசித்து, பிழைகளைக் குறித்துக்கொண்டு, அதே தலைப்பில் மறுநாளும் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; முதல் நாட் பிழைகள் வீண்போகவில்லை என்பது புரியும்.