செனாவாங் மண்ணில் நம் பாதங்கள்

சிரம்பானிலிருந்து தம்பின் செல்லும் பெரிய சாலையில் சில கல் தொலைவு போனால் செனாவாங் வந்துவிடும். பால் மரங்கள் நிரை நிரையாய் நின்ற மண். இன்று தொழிற்பேட்டையும் தாமான்களுமாய் மாறிவிட்டது. வேலை மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் நின்றால் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, வாசகர்களே, கால்களைத்தான் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எனக்குத் தட்டைப் பாதம். ஈரக் காலைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் உள்வளைவே தெரியாது. தோசை போல முழுதாய்ப் பதியும். சிறுவயதில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். "வாத்துக் காலுக்கு ஓட்டமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் இருபது ஆண்டுகள் நான் ஓடவே இல்லை. ஆசிரியையாகி, குறுகிய சப்பாத்தில் நாள் முழுக்க நின்றதில் பெருவிரலும் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடியில் எலும்பு புடைத்துக்கொண்டது.

பால் வெட்டிய என் அம்மாவின் விரல்களோ விசிறி போல் விரிந்திருக்கும். சப்பாத்தே அறியாத கால்கள். ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் இந்தியாவில் 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களை எடுத்து, 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். சப்பாத்து அணிந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் நடந்தவர்களில் 2.8 பேருக்குத்தான். விரல்களை மூடும் சப்பாத்து அணிந்தவர்களிடமே அதிகம். சிலிப்பர் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு.

அதற்காகப் பிள்ளையை வெறுங்காலோடு வெளியே அனுப்பிவிடாதீர்கள். கொக்கிப் புழு மண்ணிலிருந்து பாதத்தின் வழியாகத்தான் ஏறும். வீட்டுத் தரையில் நடக்கட்டும், போதும். சிறு பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பாதம் தட்டைதான். வளர வளர வளைவு வரும். நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால், ஓட விடுங்கள்.

நமக்கு? சாய்ந்த எலும்பைப் பயிற்சி நிமிர்த்தாது. ஆனால் வலி குறையும். நான் தினமும் சுவரைப் பிடித்துக் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குகிறேன். தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டுகிறேன். (என் மகன் இதைக் கோலிக்குண்டு பொறுக்கும் விளையாட்டாக்கிவிட்டான்.) சப்பாத்தை மாலையில் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. தாளில் பாதத்தை வரைந்து எடுத்துப் போங்கள். சப்பாத்து அந்தக் கோட்டுக்குள் அடங்கினால் வேண்டாம். தொழிற்சாலையில் கனமான காலணி கொடுத்தால், அகலமான அளவைக் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் காலில் சிறு புண் வந்தாலும் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.

ஞாயிறு காலையில் சிரம்பான் ஏரிப் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன், நடுநடுவே கொஞ்சம் ஓடவும் செய்கிறேன். சென்ற விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுத்தபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தயங்கி நின்றாள். "டீச்சர், எனக்கு வாத்துக் கால்" என்றாள். என் காலைக் கழற்றிக் காட்டாத குறையாய், சப்பாத்தைக் கழற்றிக் காட்டினேன். பிறகு அவள் பெயரை எழுதிக்கொண்டேன்.