அப்பாவின் கட்டைவிரலுக்கு ஒரு கத்தி

பேனாக்கத்தி என்ற சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. இறகைச் சீவி எழுதிய காலத்தில், அந்த இறகைச் சீவ வைத்திருந்த சிறு கத்தி அது. பேனா என்பதே போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். இறகு போய் மைப்பேனா வந்து, அதுவும் போன பிறகும் பெயர் மட்டும் கொஞ்ச காலம் நின்றது. அம்மா காலத்துப் பிள்ளைகள் பென்சில் சீவவும், மாங்காயைக் கீறி உப்பு தொட்டுத் தின்னவும் அதைத்தான் வைத்திருந்தார்களாம்.

இன்று மடக்குக்கத்தி என்றால் நம் காதில் விழுவது வேறு. செய்தியில் அது வரும்போது கூடவே குண்டர் கும்பலும் வரும். வானொலியில் செய்தி வாசிக்கும் நேரங்களில் எத்தனையோ முறை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். நல்ல காரியத்துக்காகச் சொன்னதாக ஒரு முறைகூட நினைவில்லை.

ஆனால் சென்ற ஆண்டு எனக்கு அப்படி ஒரு கத்தி தேவைப்பட்டது. எனக்கில்லை, அப்பாவுக்கு.

அப்பா மெர்சிங்கில் இருக்கிறார். வயது 68. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்று முகத்துவாரத்தில் தூண்டில் போடுவதுதான் இப்போது அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, மருந்து எல்லாம். மெர்சிங்கைத் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் இடமாக மட்டும் அறிந்தவர்கள் அதிகம். அந்தப் படகுகள்கூட ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் புறப்படும். அதே நீரோட்டத்தைப் பார்த்துத்தான் அப்பாவும் வீட்டை விட்டுப் புறப்படுவார். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவக்காற்று அடிக்கும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், அப்பாவின் முகமும் கொஞ்சம் வாடியிருக்கும்.

தூண்டில்காரருக்குக் கத்தி இல்லாமல் முடியாது. நரம்பை அறுக்க, இரைக்குச் சோத்தோங்கைத் துண்டு போட, சிக்கிக்கொண்ட முள்ளை எடுக்க, மீனைச் சுத்தம் செய்ய என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அப்பா கொண்டுபோனது வீட்டுச் சமையல் கத்தி. பழைய நாளிதழில் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, மோட்டார் கூடைக்குள் வைத்துவிடுவார். ஒருநாள் ஈரக் கையோடு தாளைப் பிரித்தபோது ஆள்காட்டி விரலில் வெட்டு, மூன்று தையல். அன்று மாலையே அண்ணன் தொலைபேசியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “போதும்பா, இனிமே தூண்டில் வேணாம். வீட்ல இருங்க.”

அப்பா பதில் சொல்லவில்லை. அப்பா சண்டை போட்டால் கவலையில்லை, பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். அம்மா போன பிறகு அந்த ஆற்றங்கரைதான் அவரை நாலு பேரோடு பேச வைத்தது. அதையும் நிறுத்தச் சொன்னால் பிறகு அவருக்கு என்ன இருக்கிறது? கத்தியை மாற்றினால் போதாதா என்று யோசித்தேன்.

விரல் மட்டுமே கவலை இல்லை. நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகரமான ஆயுதம் இவற்றைப் பற்றியது. பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஆயுதமாகலாம். சமையல் கத்தியும்தான். விசையை அழுத்தினால் தானாகப் பாய்ந்து திறக்கும் கத்தியின் பக்கமே போகக் கூடாது. சட்டம் அதைத் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. ஆகவே எதற்காக, எங்கே, எப்படிக் கொண்டுபோகிறோம் என்பதுதான் முக்கியம். தூண்டில் பெட்டிக்குள் முள், நரம்பு, ஈயக்குண்டோடு கிடக்கும் சிறு கத்திக்கு அதன் காரணம் கூடவே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு, தாளில் சுருட்டிய ஒரு முழ நீளக் கத்தியோடு சாலைத் தடுப்பில் நிற்கும் ஓர் இந்திய ஆடவர் முதலில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வயது 68 ஆக இருந்தாலும் சரி.

நம் மொழியில் இந்தக் குழப்பம் பழையதுதான். ஆயுத பூசை அன்று நாம் சந்தனம் வைப்பது சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் மோட்டாருக்கும். தோட்டத்தில் பால் மரம் வெட்டும் கத்திக்கும் பொட்டு வைத்தார்கள். கருவிக்கும் ஆயுதத்துக்கும் ஒரே சொல். எது எதுவாக மாறும் என்பது பிடித்த கையைப் பொறுத்தது.

அப்பாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஹாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 14 வயதில் பாட்டியோடு மரம் வெட்டப் போனார். இருட்டோடு இருட்டாக, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு போக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக இறங்கும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்வாக இழுக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை, அவ்வளவுதான். ஆழம் போனால் மரத்தின் உயிர்த்தோலில் காயம் பட்டுப் புடைத்துக்கொள்ளும்; ஆழம் போகாவிட்டால் பால் வராது. மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் இந்த வெட்டு முறையைச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் ஹென்றி ரிட்லி என்பவர் சோதித்து நிலைநிறுத்தினார் என்று புத்தகங்களில் படித்தேன். அந்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவை பாட்டியைப் போன்றவர்களின் கைகள். அப்பா அந்த வேலையில் சில ஆண்டுகள், பிறகு லோரியின் ஸ்டியரிங்கில் பல ஆண்டுகள். இப்போது அவருடைய வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. ஜாம் போத்தல் மூடியைத் திறக்க முடியாது. சட்டைப் பொத்தான் போட இரண்டு நிமிடம் ஆகும்.

அப்படிப்பட்ட கைக்கு எந்த மடக்குக்கத்தி? விசாரித்ததில் இரண்டு பெயர்கள் எஞ்சின. இரண்டும் வெளியூர்ச் சரக்கு, இரண்டும் நூறு வயது தாண்டியவை.

முதலாவது சுவிட்சர்லாந்தின் விக்டோரினோக்ஸ். சிவப்புக் கைப்பிடியில் வெள்ளைச் சிலுவை, எல்லாருக்கும் தெரியும். கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். இன்று நாம் பார்க்கும் பல கருவி கொண்ட கத்தி 1897இல் பதிவானது. தாயார் விக்டோரியா இறந்த பிறகு அவர் பெயரைக் கத்திக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சில் சொல்லும் ‘இனோக்ஸ்’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது பிரான்சின் ஒப்பினல். சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினல் என்ற இளைஞர் 1890இல் செய்தது. மரக் கைப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1897இல் அளவு வாரியாக 1 முதல் 12 வரை எண் கொடுத்தார்கள். 1955இல் கழுத்தில் சுழலும் ஒரு வளையம் சேர்ந்தது. அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், விரல் மேல் மடங்காது. உழவர்களும் மேய்ப்பர்களும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுக்க வைத்திருந்த கத்தி இது.

நான் கடைக்கு ஓடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாக் கத்தியும் அழகுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் நண்பரிடம் சுவிஸ் கத்தி இருந்தது. மலையேறும் தோழி ஒருத்தியிடம் ஒப்பினல் 7ஆம் எண். இரண்டையும் இரவல் வாங்கி, பயணப் பைக்குள் நன்றாகச் சுற்றி வைத்துக்கொண்டு, விடுமுறையில் மெர்சிங் போனேன்.

வாசல் திண்ணையில் இரண்டையும் அப்பா முன்னால் வைத்தேன். “ஏம்மா, இந்தச் சின்னக் கத்திக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்றார். ஆனால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் சுவிஸ் கத்தி. ஒன்பது சென்டிமீட்டர் நீளம்தான், சட்டைப்பையில் அடங்கும். இரண்டு அலகு, டின் திறக்க, போத்தல் திறக்க, துளை போட என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பின்புறத்தில் செருகியிருந்த சிறு இடுக்கியைப் பார்த்து, “முள்ளு குத்தினா எடுக்கலாம்” என்று மகிழ்ந்தார். ஆனால் அலகைத் திறக்க நகத்தைப் பள்ளத்தில் மாட்டி இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் வில்லின் இறுக்கம் இளையவர்களுக்குத் தெரியாது. அப்பா மூன்று முறை முயன்றார். நான்காவது முறை கத்தியை என் பக்கம் தள்ளி வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கட்டைவிரலை மட்டும் மற்றக் கையால் மெதுவாகப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அடுத்தது ஒப்பினல். இதில் வில் இல்லை. மரத்தின் உராய்வுதான் அலகைப் பிடித்து வைத்திருக்கிறது. மடக்கிய பிறகும் அலகின் முதுகு வெளியே தெரிவதால், நகத்துக்குப் பதில் விரல்களால் கிள்ளிப் பிடித்து இழுக்கலாம். அப்பா வளையத்தை உள்ளங்கையால் உருட்டித் திருப்பினார், அலகைக் கிள்ளினார், திறந்தது. மறுபடியும் உருட்டினார், பூட்டிக்கொண்டது. அடுக்களையிலிருந்து ஒரு சோத்தோங்கைக் கொண்டுவரச் சொல்லி வெட்டிப் பார்த்தார். கைப்பிடி உருண்டையாக இருந்ததால் கட்டைவிரலால் அழுத்தாமல் உள்ளங்கை முழுவதாலும் பிடிக்க முடிந்தது.

அதற்காகச் சுவிஸ் கத்தி மட்டம் என்று சொல்லமாட்டேன். கடலோரத்துக்கு அதன் குணங்கள்தான் பொருத்தம். உப்புத் தண்ணீர் பட்டாலும் குழாயில் கழுவித் துடைத்தால் போதும். மரக் கைப்பிடி அப்படியல்ல. ஈரத்தில் ஊதும், ஊதினால் அலகு இறுகும். வளையத்துக்குள் மணல் புகுந்தால் கரகரக்கும். ஒப்பினலில் இரண்டு வகை எஃகு உண்டு. கார்பன் எஃகு சீக்கிரம் தீட்டக்கூடியது, ஆனால் உப்புக் காற்றில் விரைவில் துரு ஏறிவிடும். மெர்சிங் மாதிரி ஊருக்குத் துருப்பிடிக்காத வகைதான் சரி. கை நன்றாக இருப்பவர், ஈரத்தில் புழங்குபவர், பல வேலைக்கு ஒரே பொருள் வேண்டுபவர் சுவிஸ் கத்தியை வாங்கலாம். ஆனால் அது பூட்டிக்கொள்ளாது. குத்தி அழுத்தும் வேலைக்குக் கவனம் தேவை.

எங்கள் வீட்டில் முடிவு கட்டைவிரலின் கையில் இருந்தது. ஒப்பினல் 7ஆம் எண், துருப்பிடிக்காத அலகு, எட்டு சென்டிமீட்டர்.

கோலாலம்பூரில் வாங்கினேன். அப்பாவுக்குப் பரிசு என்று சொன்னதும் கடைத் தவுக்கே, “கத்தியைச் சும்மா கொடுக்காதே, ஒரு காசு வாங்கிக்கொள்” என்று மலாயில் சொன்னார். கத்தி பரிசு கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது சீனர்கள் நம்பிக்கை. பிரெஞ்சுக்காரர்களிடமும் இதே வழக்கம் உண்டு. நம் வீடுகளில் கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகக் கொடுக்கமாட்டோம். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அப்பாவிடம் இருபது காசு கேட்டு வாங்கினேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அண்ணனிடம் பேசியது கத்தி வாங்கியதைவிடக் கடினமான வேலை. அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் அப்பா சில நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். கத்தி தூண்டில் பெட்டிக்குள்தான் இருக்கும், சட்டைப்பையில் அல்ல. வெட்டும்போது வளையம் பூட்டியிருக்கும். இருட்டுவதற்கு முன் வீடு. பருவக்காற்று நாட்களில் ஆற்றுப் பக்கம் போவதில்லை. அண்ணன் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒரு மூடி போட்ட தூண்டில் பெட்டியை வாங்கி அனுப்பினார்.

டிசம்பரில் போனபோது மெர்சிங்கில் விடாத மழை. கத்தியைக் கேட்டேன். எதிர்பார்த்தபடியே மரம் ஊதி அலகு இறுகியிருந்தது. சவோய் மலைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கைப்பிடியின் பின்நுனியைக் கெட்டியான எதிலாவது தட்டினால் அலகு தானே கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா படிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அலகு தலையை நீட்டியது. யாரும் சொல்லித் தரவில்லை. மரத்தோடு பழகிய கை.

மழை விட்டதும் ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைக்கலாம், அதன் பிறகு இவ்வளவு ஊதாது என்றேன். தலையாட்டினார். கத்தியை மடக்கி, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, திண்ணையில் எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

“எடுத்துக்கம்மா. அந்த மாங்காயை நறுக்கு.”