ஹெரால்டு காருக்குக் கூடுதல் பட்டை வேண்டாம்



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கியிருக்கிறான். பின்பக்கம் தொங்குகிறதாம். "சார், ஏலத்தோட்டத்து ஜீப்புக்குப் போடுற மாதிரி கமான் பட்டை ரெண்டு சேத்துப் போட்டுட்டா தூக்கிரும்ல? பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு போடி மெட்டு ஏறணும்" என்றான். போனிலேயே "பொறுப்பா" என்றேன்.

ஜீப்புக்கு அது சரி. பின்னால் ஒரே அச்சு, குறுக்கே கடப்பாரை மாதிரி. எத்தனை பட்டை கூட்டினாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். ஹெரால்டில் அச்சு இரண்டு துண்டு. டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் மட்டும் ஆளுக்கொரு மூட்டு. கமானும் ஒன்றே ஒன்றுதான், குறுக்குவாட்டில் கிடக்கும்.

கையைப் பக்கவாட்டில் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவதுபோல் உள்ளங்கையை நிமிர்த்துங்கள் (வகுப்பில் செய்தோமே, அதுபோலத்தான்). உள்ளங்கைதான் சக்கரம். கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். விரல்நுனி வெளியே சாய்கிறது, அடிப்பக்கம் உள்ளே போகிறது. வளைவில் வேகமாய்ப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் காரின் பின்பக்கம் எழும்பி இதுதான் நடக்கும். டயர் ஓரத்தில் நிற்கும், வண்டி சுற்றிக்கொள்ளும். பட்டை கூட்டினால் வண்டி நிற்கும்போதே பாதி சாய்ந்திருக்கும்; கமானும் விறைத்துப்போகும். போடி மெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு!

இங்கிலாந்தில் இதே பின்பக்க அமைப்பை வைத்துத்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். அதற்கும் இதே சீக்கு. 1970-ல் அவர்கள் கமானைப் பலமாக்கவில்லை, இளக்கினார்கள். அடிப்பட்டையை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவை ஏற்றப்பலகை மாதிரி இப்படியும் அப்படியும் ஆட விட்டார்கள். முன்பக்கத்தில் தடித்த ஆன்ட்டி ரோல் பார் போட்டுச் சமன் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. நம் மதராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி வேறு வழியில் போனது. 1972-ல் வந்த கெஸல் காரில் பிரிந்த அச்சையே எடுத்துவிட்டு ஒரே அச்சாகப் போட்டுவிட்டது. நம் ரோட்டுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அதுதான் ஒத்துவந்தது.

அப்படியானால் இவன் எதைத்தான் பலப்படுத்துவது? பழைய கமானையே பட்டறையில் கொடுத்து, முதலில் இருந்த வளைவுக்கு மட்டும் அடித்து வாங்கவேண்டும். ரேடியஸ் ஆர்ம் புஷ்கள் எல்லாம் புதிது. அது பிடிக்கும் இடத்தில் துரு தின்றிருந்தால் வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்து வெல்டிங். ஷாக் அப்சர்பர் ஜோடியாக மாற்றவேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது ஆகாது. செலவு கூடத்தான். "பட்டை போட்டா ஒரு நாள் வேலை சார்" என்று முனகினான். நான் விடவில்லை.

கமானைக் கழற்றிவிட்டதாக நேற்றுப் பேசினான். ரேடியஸ் ஆர்ம் பிடிக்கும் இடத்தில் விரல் போகிற அளவு ஓட்டையாம்.

ஆடிச் சனிக்கிழமை வண்டியோடு நம்ம ஊர் சனீஸ்வரர் கோயிலுக்கு வருகிறான். சின்னமனூர் ரோடு சமதரை, ஓட்டிப் பார்க்கலாம். மெட்டு அதற்கப்புறம்தான் என்று சொல்லியிருக்கிறேன்.