மன்னர் கண்டு மகிழாத ஆலயம்

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில், கேம் என்னும் சிற்றாற்றின் கரையில் பசும்புல்வெளி ஒன்று விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் ஓங்கி நிற்பது கிங்ஸ் கல்லூரியின் ஆலயம்.

இக்கல்லூரியை 1441-ஆம் ஆண்டில் நிறுவியவர் அரசர் ஆறாம் ஹென்றி. அப்போது அவருக்கு வயது 19. தாம் பிறந்த நாள் புனித நிக்கோலாசின் திருநாளாதலால், அப்புனிதரின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் தேவ அன்னையின் பெயரையும் சேர்த்தார்.

அப்புல்வெளி அன்று வெறும் நிலமன்று. வீடுகளும் தெருக்களும் ஆற்றுத் துறைகளும் நெருங்கியிருந்த நகர்ப்பகுதி அது. ஒரு பங்குக் கோயிலும் அங்கிருந்தது. அரசரின் திட்டத்திற்காக அவை அகற்றப்பட்டன. ஆலயத்தின் எழிலை வியக்கும் நாம், அதற்காக இல்லம் இழந்தோரையும் மறத்தலாகாது.

1446 ஜூலை 25 அன்று ஆலயத்தின் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் உள்நாட்டுப் போர் மூண்டது. 1461-இல் முடியிழந்த ஹென்றி, 1471-இல் லண்டன் கோட்டைச் சிறையில் உயிர் நீத்தார். பணி தடைப்பட்ட வரலாற்றைச் சுவர்களே சொல்கின்றன. முதலில் அடுக்கியது யார்க்‌ஷயரின் வெண்கல். பின்னர் வைத்ததோ மங்கிய மஞ்சள் சாயலுள்ள வேறு கல்.

பின்வந்த ஏழாம் ஹென்றி அளித்த பொருளால் வேலை தொடர்ந்தது. ஜான் வாஸ்டெல் என்னும் தலைமைக் கொத்தர் 1512 முதல் 1515 வரை கற்கூரையை அமைத்தார். 289 அடி நீளமும் 40 அடி அகலமும் 80 அடி உயரமும் கொண்ட அம்மண்டபத்தின் நடுவே ஒரு தூணும் இல்லை. இரு பக்கச் சுவர்களினின்றும் எழும் கல் நரம்புகள், விசிறி விரித்தாற்போல் பரந்து உச்சியில் கூடுகின்றன.

பக்கத்திற்குப் பன்னிரண்டாகப் பெருஞ்சாளரங்கள் ஒளிர்கின்றன. வண்ணக் கண்ணாடியின் மேல்வரிசையில் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள். கீழே அவற்றோடு ஒத்த ஆண்டவரின் வாழ்க்கைக் காட்சிகள். எழுத்தறியாதவரும் மறையுரையைக் கண்ணால் கற்கலாம்.

மிகுதியான அலங்காரம் வேண்டாம் என்றே ஆறாம் ஹென்றி எழுதி வைத்திருந்தார். ஆயினும் மேற்குப் பகுதியில் பின்வந்த அரச குலத்தின் ரோஜாக்களும் மகுடங்களும் நிறைந்துள்ளன. மரத்தாலான நடுத்திரையில் எட்டாம் ஹென்றி, ஆன் பொலின் ஆகியோரின் பெயரெழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. அவ்வரசி 1536-இல் கணவரின் ஆணையால் தலை இழந்தார்; எழுத்துகளோ அழியவில்லை.

ஆண்டுதோறும் மே 21 அன்று, ஆறாம் ஹென்றி இறந்ததாகக் கருதப்படும் இடத்தில், அவர் நிறுவிய ஈட்டன் பள்ளியார் லீலி மலர்களையும் இக்கல்லூரியார் ரோஜா மலர்களையும் வைக்கின்றனர். பெருமை பொறித்தவர்கள் பலர். மலர் பெறுபவரோ, தொடங்கியதன் முடிவைக் காணாது மறைந்தவர்.